நைட் ஹால்ட் வண்டி யார் கணக்கில் ஓடுகிறது?

தென்மாவட்டக் கிராமங்களில் நைட் ஹால்ட் வண்டி என்று ஒன்று உண்டு. டவுனிலிருந்து இரவு ஒன்பதரை, பத்து மணிக்குக் கடைசி டிரிப்பாக வந்து ஊரிலேயே நின்றுவிடும். ஓட்டுநரும் நடத்துநரும் வண்டிக்குள்ளேயே சீட்டில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் பஞ்சாயத்து அலுவலகத் திண்ணை. விடியற்காலை ஐந்து மணிக்கு அதே வண்டி முதல் சிங்கிளாக, அதாவது அன்றைய முதல் ஒருவழி டிரிப்பாக, கிளம்பும். பூக்கூடையோடு சந்தைக்குப் போகிறவர், மில்லில் காலை ஷிப்டுக்குப் போகிற பெண்கள், பெரியாஸ்பத்திரியில் முதல் ஆளாக டோக்கன் வாங்க வேண்டியவர் எல்லோரும் அதில்தான் ஏறுவார்கள். ஊருக்கு வண்டி வந்து தங்குகிறது என்பது அந்த ஊருக்கே ஒரு மதிப்பு. பெண் கொடுக்கிறவர்கள் விசாரிக்கும் விஷயங்களில் அதுவும் ஒன்றாக இருந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்த வண்டியின் கலெக்‌ஷனை மட்டும் எடுத்துப் பார்த்தால் அதை ஓட்டவே கூடாது. இரவு கடைசி டிரிப்பில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். ஆனாலும் ஐம்பது ஆண்டுகளாக அது ஓடிக்கொண்டிருக்கிறது. எப்படி ஓடியது, இப்போது ஏன் பல ஊர்களில் தடுமாறுகிறது என்பதை மதுரையை மையமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்தை வைத்துப் பார்க்க முயல்கிறேன். பெயர் பலமுறை மாறிய நிறுவனம் அது. அந்தப் பெயர் மாற்றமும் இந்தக் கதையில் ஒரு முக்கியமான பகுதி.

மணி பார்த்து ஓடிய வண்டிகள்

மதுரையில் பேருந்தின் கதை டிவிஎஸ்ஸிலிருந்துதான் தொடங்கும். திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார், 1912-இல் பேருந்துச் சேவையை ஆரம்பித்தார். அவருடைய வண்டியைப் பார்த்துக் கடிகார முள்ளைத் திருத்திக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைக்காமல் போக, கரியை எரித்து வரும் வாயுவில் வண்டிகள் ஓடின. அந்தக் கரிவாயுக் கலனையும் டிவிஎஸ் தயாரித்துக் கொடுத்தது. கொங்குப் பக்கம் பொள்ளாச்சியில் ஆனைமலை பஸ் ட்ரான்ஸ்போர்ட் இதேபோல் வளர்ந்தது.

இந்தத் தனியார் நிறுவனங்களைப் பற்றிக் குறைவாகச் சொல்ல எனக்கு மனம் வராது. நேரம் தவறாமை, பராமரிப்பு, பயணிகளிடம் மரியாதை ஆகியவற்றுக்கு இங்கே அளவுகோல் வைத்தவர்கள் அவர்கள்தான். ஆனால் எந்தத் தடத்தில் வருமானம் வருமோ அந்தத் தடத்துக்குத்தான் பெர்மிட் கேட்பார்கள். வியாபாரத்தில் அது இயல்பு. மதுரையிலிருந்து பெரிய ஊர்களுக்குப் போகும் சாலையில் வண்டிக்குப் பின்னால் வண்டி போகும். அந்தச் சாலையிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊர்க்காரர், ஊர்ச்சாலை பிரியும் விலக்கில் இறங்கி நடக்க வேண்டும். "விலக்கு" என்ற சொல்லே அந்த நடையில் பிறந்ததுதானோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1972

சென்னை நகரப் பேருந்துகளை அரசு 1947-இலேயே ஏற்று நடத்தத் தொடங்கிவிட்டது. மற்ற மாவட்டங்களில் பெரிய மாற்றம் மு.கருணாநிதி முதல்வராக இருந்தபோது வந்தது. ஏராளமான பெர்மிட்டுகளைக் கையில் வைத்திருந்த பெரிய நிறுவனங்களின் பேருந்துகளை எடுத்துக்கொள்ள 1971-இல் ஒரு சட்டம் வந்தது. அடுத்த ஆண்டிலேயே சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் என்று கழகங்கள் பிறந்தன. டிவிஎஸ்ஸின் வண்டிகள் பாண்டியன் ரோட்வேஸ் ஆயின. பிறகு சேலத்தில் அண்ணா, திருநெல்வேலியில் கட்டபொம்மன், விழுப்புரத்தில் தந்தை பெரியார், நாகர்கோவிலில் நேசமணி, காரைக்குடியில் மருது பாண்டியர் என்று வரிசை நீண்டது.

நாகர்கோவில் பக்கத்துக்கு மட்டும் இது புதிதல்ல. கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்திலேயே, 1938-இல், அந்தச் சமஸ்தானம் அரசுப் போக்குவரத்தைத் தொடங்கிவிட்டது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் குமரிக்கு வரும் தடம்தான் முதலில் அரசிடம் வந்தது. இன்றைக்கும் குமரி மாவட்டத்தில் அரசுப் பேருந்தை விட்டால் வேறு பெரிய பேருந்து அரிது. கோவை, திருப்பூர், சேலம் பக்கம் போனால் தனியார் வண்டிகள் வரிசையாக நிற்கும். இந்த வித்தியாசத்தின் வேர் எண்பது ஆண்டுக்கும் முந்தையது.

தமிழ்நாடு செய்த ஒரு வேலை பலர் கவனத்துக்கு வருவதில்லை. மகாராஷ்டிரம், கேரளம் போன்ற மாநிலங்கள் 1950-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துக் கழகச் சட்டத்தின் கீழ் மாநிலம் முழுவதற்கும் ஒரே கழகம் வைத்தன. தமிழ்நாடு வட்டாரத்துக்கு ஒன்றாகக் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்தது. அதனால் தலைமையகம், பணிமனை, வண்டிக்குக் கூடு கட்டும் பிரிவு எல்லாம் பக்கத்திலேயே அமைந்தன. ஓர் ஊர்க்காரர் தங்களுக்கு ஒரு டிரிப் வேண்டுமென்று மனு கொடுக்கச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. கிளை மேலாளரைப் பார்த்தால் போதும். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் வந்து சாலையைப் பார்ப்பார், பாலம் தாங்குமா, வண்டி திரும்ப இடமிருக்கிறதா என்று பார்ப்பார், ஒரு மாதத்தில் டிரிப் ஷீட்டில் ஊர்ப்பெயர் ஏறிவிடும். 1970-களிலும் 80-களிலும் தமிழ்நாட்டின் உள்ளூர்களுக்குள் பேருந்து பரவிய வேகத்துக்கு இந்த அருகாமை ஒரு பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

இன்னொரு காரணம் பணம். நீண்ட தடங்களில் வந்த லாபமும் கிராமத் தடங்களின் நஷ்டமும் ஒரே கம்பெனியின் ஒரே கணக்குக்குள் வந்தன. மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் வண்டி நிரம்பி வழிந்தால், அந்தக் காசில் நைட் ஹால்ட் வண்டி ஓடும். யாரும் அதைத் தனியாக மானியம் என்று எழுதவில்லை. ஒரு வீட்டில் சம்பாதிக்கிற பிள்ளையின் காசில் எல்லோரும் சாப்பிடுவது போன்ற ஏற்பாடு அது.

மீதித் தனியார் பேருந்துகளையும் எடுத்துக்கொள்ள 1973-இல் இன்னொரு சட்டம் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வரை போய், 1983-இல் அபு கவூர் பாய் வழக்கில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அரசியலமைப்பின் 39-ஆம் பிரிவின் ஆ உட்பிரிவில் "சமூகத்தின் பொருள் வளங்கள்" பொது நன்மைக்குப் பயன்படும் வகையில் பகிரப்பட வேண்டும் என்று இருக்கிறது. பேருந்தும் அதன் பெர்மிட்டும் அப்படிப்பட்ட வளம்தானா என்பதுதான் கேள்வி. ஆம் என்றது நீதிமன்றம். தனியார் சொத்து எல்லாமே அப்படிப்பட்ட வளமாகிவிடாது என்று 2024 நவம்பரில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு சொல்லியிருக்கிறது. அந்தச் சட்ட விவாதத்தை வழக்கறிஞர்களுக்கு விட்டுவிடுகிறேன். ஒரு கிராமத்துக்குப் போகும் பேருந்து சமூகத்தின் வளமா என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் உட்கார்ந்து யோசித்தது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆனால் நடைமுறையில் அந்தச் சட்டம் முழுதாகச் செயலுக்கு வரவில்லை. சிறிய தனியார் நிறுவனங்கள் தங்கள் பெர்மிட்டுகளோடு தொடர்ந்தன, இன்றும் ஓடுகின்றன.

வண்டியில் எழுதிய பெயர்

1997 மே மாதம் விருதுநகரைத் தலைமையகமாகக் கொண்டு ஒரு புதிய கழகம் தொடங்கப்பட்டது. அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. ஓட்டப்பிடாரம் பக்கம் கவர்னகிரியைச் சேர்ந்தவர் சுந்தரலிங்கம். கட்டபொம்மனின் படைத்தளபதி, வெள்ளையருக்கு எதிரான போரில் உயிர்விட்டவர். தேவேந்திரகுல வேளாளர் சமூகத்தில் பிறந்தவர்.

கட்டபொம்மன் பெயரில் 1974 முதல் வண்டிகள் ஓடின. மருது பாண்டியர் பெயரில் ஓடின. எல்லாச் சாதிக்காரர்களும் ஏறினார்கள், இறங்கினார்கள், சில்லறைக்குச் சண்டை போட்டார்கள். ஆனால் கட்டபொம்மனின் தளபதி பெயர் எழுதிய வண்டி வந்தபோது, அதில் ஏற மாட்டோம் என்று ஒரு பகுதியினர் சொன்னார்கள். பட்டியல் சாதியில் பிறந்த ஒருவரின் பெயரைத் தாங்கிய பேருந்தில் உட்கார மாட்டோம் என்பதுதான் அதற்கு அர்த்தம். கல்வீச்சு, தீவைப்பு, மோதல், உயிரிழப்பு என்று அந்தக் கோடை முழுவதும் தென்மாவட்டங்கள் எரிந்தன. கிராமத் தடங்களில் பேருந்துகள் நின்றன. ஜூலையில் அரசு ஒரு முடிவெடுத்தது. கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் வைத்திருந்த தலைவர்கள் பெயர்கள் எல்லாம் நீக்கப்பட்டன. பல்லவனும் பாண்டியனும் சேரனும் போய், ஊர்ப்பெயரோடு சேர்ந்த "தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்" வந்தது.

இந்த முடிவைப் பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நைட் ஹால்ட் வண்டியில் படுத்திருக்கும் ஓட்டுநரையும் நடத்துநரையும் நினைத்தால் அரசின் அவசரம் புரிகிறது. எந்தப் பெயரும் எழுதாத வண்டியில் அவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் ஒரே ஒரு பெயரைத்தான் எதிர்த்தார்கள், அந்த ஒன்றுக்காக எல்லாப் பெயர்களும் போயின. எதிர்த்தவர்கள் கேட்டது நடந்துவிட்டது. சுந்தரலிங்கத்தின் பெயரை மூன்று மாதம்கூடத் தாங்க முடியாமல் போனது அந்தப் பேருந்தின் குற்றம் இல்லை. பாதுகாப்புக் கொடுத்து அந்த வண்டியை ஓட்டியிருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஒரு பேருந்து நிறுவனத்தைப் பற்றிய ஆய்வில் இதற்கு இவ்வளவு இடம் ஏன் என்று கேட்கலாம். கிராமத்தில் எல்லாச் சாதிக்காரர்களும் தோளோடு தோள் உரசி உட்காரும் இடங்கள் எத்தனை இருந்தன? டீக்கடையில் தனிக் குவளை இருந்தது. கோயிலுக்குள் நுழைவு இல்லை. பேருந்தில் டிக்கெட் எடுத்தவருக்கு சீட், அவ்வளவுதான். அந்த உரிமையை நேரமும் தடமும் வகுத்து ஊருக்குள் கொண்டுவந்து நிறுத்தியதில் இந்தக் கழகங்களுக்குப் பங்கு உண்டு. இதை எந்த ஆண்டறிக்கையும் வரவாக எழுதுவதில்லை.

அதே 1997-இல்தான் தனியார் மினி பஸ் திட்டமும் வந்தது. பேருந்து போகாத பாதையில் 16 கிலோமீட்டர், ஏற்கெனவே பேருந்து ஓடும் பாதையில் 4 கிலோமீட்டர், ஆக 20 கிலோமீட்டர் என்பது அப்போதைய விதி. பெரிய வண்டி திரும்ப முடியாத ஊர்களுக்கு அது நல்ல காரியம் செய்தது. ஆனால் அந்த 4 கிலோமீட்டரில்தான் ஆள் ஏறும், காசு வரும். உள்ளே போகும் 16 கிலோமீட்டரில் இரண்டு டிரிப் குறைத்தால் கேட்க யார் இருக்கிறார்கள்? பல மினி பஸ்கள் நாளடைவில் நின்றே போயின.

கணக்கு

இப்போது காசுக்கு வருவோம். 2011 நவம்பரில் கட்டணம் கூடியது. அதன்பின் ஆறு ஆண்டுகளுக்கு மேல் கை வைக்கவில்லை. 2018 ஜனவரியில் சாதாப் புறநகர்ப் பேருந்தின் கட்டணம் கிலோமீட்டருக்கு 42 பைசாவிலிருந்து 60 பைசாவாக ஒரே நாளில் ஏறியது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சில நாட்களில் 58 பைசாவாகச் சற்றுக் குறைத்தார்கள்.

அந்த 58 பைசாவை வைத்தே ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஐம்பது சீட்டும் நிரம்பினால் கிலோமீட்டருக்கு 29 ரூபாய் வரும். வண்டி லிட்டருக்கு ஐந்தரைக் கிலோமீட்டர் போகிறது, டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், டீசலுக்கு மட்டும் ஏறக்குறைய 17 ரூபாய் போய்விடும். மீதி 12 ரூபாயில் ஓட்டுநர், நடத்துநர், பணிமனை ஊழியர் சம்பளம், டயர், உதிரிபாகம், புது வண்டிக்கான கடன், வட்டி எல்லாம் அடங்க வேண்டும். அதுவும் வண்டி நிரம்பினால்தான். பாதி சீட் காலியாக ஓடும் கிராம டிரிப்பில் பதினாலரை ரூபாய்தான் வரும். அது டீசலுக்கே போதாது.

நடத்துநர் சோம்பேறி, ஓட்டுநர் ஓரத்தில் வண்டியைப் போட்டுவிட்டு டீ குடிக்கிறார், அதனால்தான் நஷ்டம் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். தவறு செய்கிற ஊழியர் எங்கும் உண்டு. அவர்களை முழுவதும் திருத்தினாலும் 58 பைசா 58 பைசாதான்.

முன்பு இந்த ஓட்டையை நீண்ட தடங்கள் அடைத்தன என்றேன். அந்தத் தடங்களில் இன்று ஆம்னி பேருந்து ஓடுகிறது. ரயில்கள் கூடிவிட்டன. பக்கத்து டவுனுக்குப் போக வீட்டுக்கு ஒரு பைக் வந்துவிட்டது. கையில் கொஞ்சம் காசிருக்கிறவர் பேருந்தைவிட்டு நகர்ந்துவிட்டார். பைக் ஓட்டத் தெரியாதவர், வாங்க முடியாதவர், வயதானவர், பள்ளிப் பிள்ளைகள், பெரும்பாலான பெண்கள் ஆகியோருக்கே பேருந்து என்றாகிவிட்டது. சம்பாதிக்கிற பிள்ளை தனிக்குடித்தனம் போய்விட்ட வீடு மாதிரிதான். வீட்டில் வாய்கள் மட்டும் குறையவில்லை.

கட்டணத்தையும் ஏற்றாமல், அரசும் முழுதாகக் கொடுக்காமல் இருந்தால் பணம் எங்கிருந்து வரும்? ஊழியர்களிடமிருந்து வந்தது. வருங்கால வைப்புநிதி, காப்பீடு, கூட்டுறவுக் கடன் தவணை என்று அவர்கள் சம்பளத்தில் பிடித்த தொகையே சேர வேண்டிய இடத்தில் சேராமல் நடப்புச் செலவில் கரைந்தது. ஓய்வு பெற்றவர்கள் பணிக்கொடைக்காகக் காத்திருந்தார்கள். 2018 ஜனவரி 4 முதல் எட்டு நாட்கள் நடந்த வேலைநிறுத்தத்தை பழைய அடிப்படைச் சம்பளத்தை 2.57 மடங்காக்குவதா 2.44 மடங்காக்குவதா என்ற ஊதியத் தகராறாக மட்டும் பார்த்தவர்கள் உண்டு. பாக்கித் தொகை என்பதுதான் அந்தக் கோபத்தின் அடியில் கிடந்தது. கிராமத்துக்கு இரவு வண்டி ஓட்டியவர்தான், அந்த வண்டியின் நஷ்டத்தைத் தன் சேமிப்பிலிருந்து கட்டியிருக்கிறார். இதைவிடக் கனமான வாக்கியம் இந்த ஆய்வில் எனக்கு எழுத வரவில்லை.

வெள்ளை போர்டு

2021 மே 7 அன்று முதல்வராகப் பொறுப்பேற்ற மு.க.ஸ்டாலின் கையெழுத்திட்ட முதல் கோப்புகளில் ஒன்று, வெள்ளை போர்டு போட்ட சாதாக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். அடுத்த நாளே நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாயைக் கழகங்களுக்கு அரசே ஈடுகட்டும் என்று அறிவிக்கப்பட்டது. பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. கூலி வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு அது இரண்டு மூன்று நாள் கூலி.

"ஓசி பஸ்" என்று சொல்லிக் கை நீட்டிய பெண்களைப் பார்த்தும் பார்க்காததுபோல் வண்டியை எடுத்த சம்பவங்கள் ஆரம்பத்தில் நடந்தன. எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. அந்தச் சீட்டுக்கு அரசு பணம் கொடுக்கிறது, அரசுக்குப் பணம் உப்பு வாங்குகிற அந்தப் பெண்ணிடமிருந்தும் போகிறது. 

இந்தத் திட்டத்தின் முக்கியத்துவம் கணக்கியலில் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளாக நீண்ட தடத்தின் லாபத்துக்குள்ளும், பிறகு ஊழியரின் வைப்புநிதிக்குள்ளும் மறைந்துகிடந்த கிராமப் பேருந்தின் செலவு, முதல்முறையாகப் பட்ஜெட்டில் ஒரு தலைப்பின் கீழ் பெரிய எழுத்தில் வந்தது. இவ்வளவு ஆகும், இதை நாங்கள் கொடுக்கிறோம் என்று சட்டமன்றத்தில் சொல்ல வேண்டி வந்தது. அதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது. பணம் பயணத்தை எண்ணிக் கொடுக்கப்படுகிறது. நடத்துநர் கிழித்துக் கொடுக்கும் கட்டணமில்லாப் பயணச்சீட்டுகளின் எண்ணிக்கைதான் அடிப்படை. அப்படியானால் எண்பது பெண்கள் ஏறும் டவுன் டிரிப்புக்குப் பணம் வரும். மூன்று பெண்கள் வரும் இரவு டிரிப்புக்கு வராது. கொரோனா முடக்கத்தின்போது நின்ற டிரிப்களில் சில திரும்பி வராத ஊர்கள் இருக்கின்றன. அந்த ஊர்ப் பெண்ணுக்குக் கட்டணமில்லாப் பயணம் காகிதத்தில்தான் உண்டு. விலக்கு வரை வெள்ளை போர்டு, அங்கிருந்து ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். தனியார் மினி பஸ்ஸும் 2021-இல் இந்தத் திட்டத்துக்குள் வரவில்லை.

என் வாதம் இதுதான்: அரசு சீட்டுக்குப் பணம் கொடுப்பதோடு நிற்காமல், ஓடும் கிலோமீட்டருக்கும் கொடுக்க வேண்டும். இந்த ஊருக்குக் காலை ஐந்து மணிக்கும் இரவு ஒன்பதரைக்கும் வண்டி வேண்டும், அதற்கு இவ்வளவு செலவு, ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் இந்தத் தொகை கழகத்துக்கு வரும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வண்டி வராத நாளுக்குப் பிடித்தம் செய்யலாம். வந்ததா என்று பார்க்க இப்போது வண்டியிலேயே கருவி இருக்கிறது, அதுவும் வேண்டாம் என்றால் ஊர் டீக்கடைக்காரரைக் கேட்டாலே போதும். ஊர்வாரியாக எத்தனை டிரிப் என்ற பட்டியலைக் கிராம சபையில் ஆண்டுக்கு ஒருமுறை படித்துக் காட்ட வேண்டும். எந்த டிரிப்பை நிறுத்துகிறோம், ஏன் என்பதும் அங்கேயே சொல்லப்பட வேண்டும். இப்போது ஒரு டிரிப் நிற்பது யாருக்கும் அறிவிக்கப்படுவதில்லை. இரண்டு நாள் வண்டி வராது, வண்டி பழுது என்பார்கள், ஸ்பேர் வண்டி இல்லை என்பார்கள், அப்புறம் ஊர்க்காரர்களே கேட்பதை நிறுத்திவிடுவார்கள்.

போன முறை ஊருக்குப் போனபோது இரவு வண்டியில் என்னோடு சேர்த்து ஏழு பேர். நடத்துநர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டார். ஒரு பாட்டியிடம் "மருந்து வாங்கிட்டீங்களாம்மா?" என்றார். ஊர் மந்தையில் வண்டி திரும்பி நின்றதும் ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டு, காலை முதல் சிங்கிளுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று எங்களிடம் கேட்டார். நாளைக்கு முகூர்த்த நாள், முன்னாடியே நிரம்பிடும் என்றார் ஒருவர்.